பீட்ரூட்டும் தராசும்



ஒரு கேள்வியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஒரே நிலத்தில் விளைந்து, ஒரே நாளில் பறித்தெடுத்த பீட்ரூட்டில், திரண்டு உருண்ட நல்ல கிழங்கு தனியார் மண்டிக்குப் போகிறது. கோணலும் வெடிப்பும் முற்றலும் சங்கத்துக்கு வருகின்றன. காய்கறி விற்பனையில் ஈடுபட்ட சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும் என் போன்றவர்களுக்கு இது புதிய காட்சி அன்று. இது ஏன் நிகழ்கிறது?

“அங்கத்தினர்களுக்குச் சங்கப் பற்று இல்லை” என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அதையே சொல்லி வந்தேன். ஆய்வுக் குறிப்புகளிலும் எழுதி வந்தேன். அது தவறான விடை என்று இன்று கருதுகிறேன். குறைவு பற்றில் அன்று; அளவையில். நல்ல கிழங்கை நல்ல கிழங்கு என்று அளந்து, அதற்குரிய விலையைத் தராத சங்கத்துக்கு நல்ல கிழங்கு வராது. இதனை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம். நெசவாளத் தோழர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். இது கிழங்கைப் பற்றிய பேச்சாகத் தொடங்கினாலும் தறியிலும் வந்து முடியும்.

மலை வழியே வந்த பயிர்

பீட்ரூட் நம் நாட்டுப் பழம்பயிர் அன்று. மத்தியதரைக் கடலோரத்திலும் ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையோரத்திலும் தானே முளைத்து வளரும் ஒரு செடியே இதன் மூதாதை. கிரேக்கரும் ரோமரும் பெரும்பாலும் இதன் இலையைத்தான் கீரையாக உண்டனர். கிழங்கைப் பருக்கச் செய்தது பிற்கால உழவர்களின் கைத்திறன். நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கு, ஐரோப்பாவில் மாட்டுக்குத் தீவனமாகும் பெருங்கிழங்கு, சர்க்கரை எடுக்கும் வெள்ளைக் கிழங்கு, இலைக்காகவே வளர்க்கப்படும் கீரை ஆகிய நான்கும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனம். தலைமுறை தலைமுறையாக மனிதன் எதைத் தேடிப் பொறுக்கி விதைக்கு வைத்தானோ, அதனையே அச்செடி திரும்பக் கொடுத்தது.

கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் வீடு கட்டிக்கொண்டு ஐரோப்பியப் பயிர்களை அங்கே வளர்க்கத் தொடங்கினார். அப்படி மலையில் வேரூன்றிய பயிர் வகைகளைச் சேர்ந்ததே பீட்ரூட்டும். அதனால்தான் கேரட், முட்டைகோஸ், பீட்ரூட் முதலியவற்றை இன்றும் நம் சந்தைகளில் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று சொல்கிறார்கள். இன்று நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் மட்டுமன்றி, ஓசூர் மேட்டு நிலத்திலும், உடுமலை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளிலும் இது பணப்பயிராக இடம்பெற்றுவிட்டது.

இப்பயிரில் நல்ல கிழங்கு தற்செயலாக விளைவதில்லை. பதினைந்து முதல் இருபது டிகிரி வரையுள்ள குளிர்ந்த பருவமே இதற்கு உகந்தது. வெயில் மிகுந்தால் கிழங்கினுள் வெள்ளை வளையங்கள் தோன்றி நிறம் மங்கும், இனிப்பும் குறையும். நாம் விதை என்று ஊன்றுவதும் ஒற்றை விதை அன்று. பல விதைகள் ஒட்டி உலர்ந்த கொத்து. ஆகையால் ஓரிடத்தில் இரண்டு மூன்று நாற்றுகள் எழும். அவற்றுள் வலியது ஒன்றை விட்டு மற்றவற்றைக் கலைத்துவிட வேண்டும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் இடைவெளி இருப்பது நலம். குனிந்தவர் நிமிராது செய்யும் இந்த வேலைக்குக் கூலி மிகுதி. கூலிக்கு அஞ்சிக் கலைக்காமல் விட்டவர் நிலத்தில் கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக் கோணிப் போகின்றன.

மண்ணையும் கவனிக்க வேண்டும். புளிப்பு மிகுந்த மலை மண்ணில் சுண்ணாம்பு இடாமல் இப்பயிர் செழிக்காது. போரான் என்னும் சத்து குறைந்த மண்ணில் கிழங்கின் நடுப்பகுதி கறுத்துப் போகும். இக்குறை மேலே தெரியாது, அறுத்தால்தான் தெரியும். பறிக்கும் நாளைத் தள்ளிப் போட்டால் எடை கூடும் என்று ஆசைப்படுவோர் உண்டு. எடை கூடுவது மெய். நாரும் கூடுவது அதனினும் மெய். ரகத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி இரண்டரை முதல் நான்கு மாதங்களில் பறித்துவிட வேண்டும். பறித்த பின் இலையை முழுதும் ஒட்ட அறுக்காமல் இரண்டு விரற்கடைத் தண்டு விட்டு அறுக்க வேண்டும். வால்வேரையும் வெட்டக் கூடாது. வெட்டினால் சாறு கசியும். இலையை அப்படியே விட்டாலோ அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக் கிழங்கை வாடச் செய்யும்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் எனில், நன்றாகப் பயிர் செய்தால் ஹெக்டேருக்கு 20 முதல் 25 டன் வரை கிடைக்கும் இப்பயிரில், ஒரு மூட்டைக்கும் மறு மூட்டைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உழவரின் உழைப்பில் உள்ள வேறுபாடே. கலைத்தவர் வேறு, கலைக்காதவர் வேறு. மண்ணைச் சோதித்தவர் வேறு, சோதிக்காதவர் வேறு. இருவருக்கும் ஒரே விலை என்றால், அந்த உழைப்புக்கு விலையே இல்லை என்று பொருள்.

கண்ணை மயக்கும் சிவப்பு

நிற்க. இக்கிழங்கின் சிவப்பு நிறம் நம் மக்களைப் பல வகையில் ஏமாற்றியிருக்கிறது. இதுவும் அளவையைப் பற்றிய செய்தியே ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

“பீட்ரூட் தின்றால் ரத்தம் ஊறும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நூறு கிராம் கிழங்கில் இருக்கும் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. ஆனால் ரத்த விருத்திக்கு வேண்டிய போலேட் என்னும் சத்து இதில் நல்ல அளவு உண்டு. ஆகவே உணவில் சேர்ப்பது நன்றே. இரும்பு மிகுதியாக இருப்பது கிழங்கில் அன்று, நாம் வயலோரம் எறிந்துவிடும் இலையில்! இளந்தழையை அரிந்து பருப்போடு வேகவைத்தால் அருமையான கீரைக் கூட்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் இக்கீரையை அளவோடு கொள்ள வேண்டும்.

நெசவாளர் ஒருவர் ஒருமுறை என்னிடம், “இத்தனை சிவப்பாக இருக்கிறதே, நூலுக்குச் சாயம் ஏற்றலாகாதா?” என்று கேட்டார். ஆகாது. இந்நிறம் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் சிதைவது. காரம் பட்டால் மஞ்சளாக மாறுவது. பருத்தி நூலில் நிலைத்துப் பற்றாது. சோழமண்டலக் கரையில் புகழ்பெற்றிருந்த சாயவேர்ச் சிவப்பு படிகாரத்தோடு சேர்ந்து நூலைப் பற்றியது; பீட்ரூட்டின் சிவப்புக்கு அந்தப் பிடிப்பு இல்லை. உணவுக்கு நிறம் ஏற்ற இது பயன்படும், உடைக்கு உதவாது. துணியை நனைத்துப் பார்த்த பிறகே சாயத்தை நம்புவது நெசவாளர் மரபு. கிழங்கு விளைவிப்போரும் அம்மரபைக் கைக்கொண்டால் நலம்.

சமையலுக்கு ஒரு சொல். கிழங்கைத் தோலோடும் வாலோடும் முழுதாக வேகவைத்துப் பின்பு உரித்தால் நிறமும் சுவையும் நீரில் போகா. சிறிது புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் சிவப்பு மங்காமல் நிற்கும். தேங்காய்த் துருவல் தூவிய பொரியலுக்கும், தயிர்ப் பச்சடிக்கும் சிறு கிழங்கே சிறந்தது. பெருங்கிழங்கு கண்ணுக்கு அழகு, வாய்க்கு நார். மண்டியின் முதல் தரம் வேறு, அடுக்களையின் முதல் தரம் வேறு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

ஒரு பெரியவர் கற்பித்த பாடம்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு விற்பனைச் சங்கம் இருக்கிறது. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கே ஆய்வுக்குச் சென்றிருந்தேன். பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. பேரேடும் நாள்வழியும் காசுக்குக் காசு பொருந்தின. ஆயினும் சங்கம் அனுப்பிய பீட்ரூட்டுக்கு நகரச் சந்தையில் கிடைத்த விலை, அதே நாளில் அதே ஊரிலிருந்து சென்ற தனியார் சரக்கின் விலையை விட மிகக் குறைவாக இருந்தது. செயலாளரைக் கேட்டேன். “அங்கத்தினர் ஒத்துழைப்பு இல்லை” என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மூத்த அங்கத்தினர் ஒருவர் எடைமேடையருகில் உட்கார்ந்திருந்தார். சங்கம் தொடங்கிய நாளில் பங்குப் பணம் கட்டியவர்களுள் ஒருவர். அவர் கொண்டுவந்திருந்தது நான்கு மூட்டை. நான்கும் மட்டச் சரக்கு. நான் சற்று உரிமையோடு, “பெரியவரே, நல்ல கிழங்கை எங்கே அனுப்பினீர்கள்? சங்கம் உங்களுடையது அல்லவா?” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “ஐயா, சங்கம் என்னுடையதுதானுங்க. அதில் சந்தேகமில்லை. என் மருமகள் இடுப்பொடியக் கலைத்து விட்ட செடியிலே விளைந்த கிழங்குக்கும், பக்கத்துத் தோட்டத்திலே விதைத்த பிறகு எட்டிக்கூடப் பார்க்காத கிழங்குக்கும் இங்கே ஒரே விலைதானுங்க. எல்லாம் ஒரே குவியலிலே விழுகிறது. நான் நல்லதைக் கொண்டு வந்தால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது? நீங்கள் புத்தகத்தைப் பார்த்தீர்கள். இந்தத் தராசைப் பார்த்தீர்களா?” என்றார்.

நான் தராசைப் பார்க்கவில்லை. சரக்கைத் தரம் பிரிக்கும் இடம் உண்டா என்றும் பார்க்கவில்லை. பட்டதாரி என்ற பெருமையும் துறைப் பயிற்சியும் எனக்கு ஏடுகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தன. ஏட்டில் ஏறுவதற்கு முன்பு மூட்டைக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எழுதிய குறிப்பை அன்று மாலையே திருத்தினேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை சங்கங்களில் அதே வாக்கியத்தை எழுதி, உழைத்தவர் மீதே பழியைச் சுமத்தினேனோ என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெரியவர் சொன்னதை ஒரு கற்பனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு அங்கத்தினர், இருவரிடமும் ஆயிரம் கிலோ. சந்தையில் முதல் தரம் கிலோ 20 ரூபாய், இரண்டாம் தரம் 12, மூன்றாம் தரம் 5 என்று வைத்துக்கொள்வோம்.

அக்கறையுள்ளவரிடம் முதல் தரம் 800 கிலோ, இரண்டாம் தரம் 150, மூன்றாம் தரம் 50. தரப்படி அவருக்குரியது 18,050 ரூபாய். அக்கறையற்றவரிடம் முதல் தரம் 400, இரண்டாம் தரம் 400, மூன்றாம் தரம் 200. அவருக்குரியது 13,800 ரூபாய். சங்கம் இரண்டையும் ஒரே குவியலாக்கி ஒரே விலை கொடுத்தால், ஆளுக்கு 15,925 ரூபாய். அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 16 ரூபாய். முதலாமவர் உழைப்பிலிருந்து 2,125 ரூபாய் இரண்டாமவர் மடிக்குப் போய்விட்டது. அவர் மனமுவந்து கொடுத்ததன்று, கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த பருவத்தில் முதலாமவர் என்ன செய்வார்? மண்டிக்காரர் கண் மதிப்பாகப் பார்த்து, நல்ல கிழங்குக்கு 20 தராவிட்டாலும் 18 தருகிறார். 800 கிலோ அங்கே போகிறது. சங்கத்துக்கு வருவது அவருடைய மிச்சம் 200 கிலோவும், மற்றவரின் ஆயிரமும். இப்போது சங்கத்தின் விலை கிலோவுக்குச் சுமார் 13 ரூபாயாக இறங்குகிறது. அதைக் கண்ட இரண்டாமவரும் தம் 400 கிலோ நல்ல கிழங்கைப் பொறுக்கி மண்டிக்கு அனுப்புகிறார். சங்கத்தின் விலை 10 ரூபாய்க்கும் கீழே விழுகிறது. லாரி வாடகையோ குறையவில்லை. சிப்பந்தி சம்பளமும் குறையவில்லை. பிறகு பொதுப் பேரவையில், “சங்கத்தால் என்ன பயன்?” என்று கேட்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மண்டி நியாயமாக நடந்ததால் வெல்லவில்லை. 20 ரூபாய்ச் சரக்குக்கு அது 18 தான் தந்தது. நம்மைவிடச் சற்றே நன்றாக அளந்தது, அவ்வளவே. நாம் அளக்க மறுத்ததனாலேயே அரைகுறையாக அளந்தவன் வென்றான்.

வெள்ளைக் கிழங்கின் வரலாறு

அளவையின் வலிமையை அறிய வேண்டுவோர், இதே பீட்ரூட்டின் உடன்பிறப்பாகிய சர்க்கரைக் கிழங்கின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1747-இல் பெர்லின் நகரத்து ரசாயன அறிஞர் மார்கிராப், இக்கிழங்கில் இருப்பது கரும்பில் உள்ள சர்க்கரையே என்று காட்டினார். அவருடைய மாணவர் அகார்ட், சிலேசியாவில் குனெர்ன் என்னும் ஊரில் 1801-இல் முதல் ஆலையை நிறுவினார். கடல் வழி அடைபட்டுக் கரும்புச் சர்க்கரை வராமற் போனபோது, நெப்போலியன் 1811-இல் பிரான்சில் இதனைப் பெருவாரியாகப் பயிரிடக் கட்டளையிட்டார்.

எனினும் அக்காலத்துக் கிழங்கில் சர்க்கரை நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். இன்று 16 முதல் 18 பங்கு வரை இருக்கிறது. இதற்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த பிரெஞ்சு விதை வளர்ப்பாளர் லூயி தெ வில்மோரின். வெளித்தோற்றத்தில் எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலவே இருந்தன. அவர் தோற்றத்தை நம்பவில்லை. உப்பு நீரில் இட்டு, சர்க்கரை மிகுந்து கனத்த கிழங்கு எது, இலேசானது எது என்று பிரித்தார். ஒவ்வொரு தாய்க்கிழங்கையும் தனித்தனியே சோதித்து, அதன் வழிவந்த செடிகளையும் சோதித்து, சிறந்ததையே விதைக்கு வைத்தார். இன்று உலகத்துச் சர்க்கரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இக்கிழங்கிலிருந்து வருகிறதென்றால், உப்பு நீர்த் தொட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

கிழங்கு விற்பனையிலும் இம்முறையே நிலைபெற்றது. ஆலைக்கு வரும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துக் கழுவி, ஒட்டிய மண்ணின் எடையைக் கழிப்பார்கள். பிறகு சர்க்கரை எத்தனை பங்கு என்று அளப்பார்கள். விலை அதைப் பொறுத்தே அமையும். அமெரிக்காவில் மின்னசோட்டா, வடக்கு டக்கோட்டா மாநிலங்களின் எல்லையிலுள்ள ரெட் ரிவர் பள்ளத்தாக்கு உழவர்கள், தம் கிழங்கை வாங்கிவந்த அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் என்ற கம்பெனியையே 1973-இல் விலைக்கு வாங்கித் தம் கூட்டுறவு நிறுவனமாக்கிக்கொண்டனர். அதன் பங்கு நம் பங்குப் பத்திரம் போன்றதன்று. இத்தனை பங்குக்கு இத்தனை நிலத்துக் கிழங்கைக் கொண்டுவரும் உரிமையும் உண்டு. கொண்டுவந்தே தீரவேண்டிய கடமையும் உண்டு. விலையோ சர்க்கரையின் அளவைப் பொறுத்தது. கடமையை அவர்கள் ஏற்றதற்குக் காரணம் பற்று மட்டும் அன்று. தம் கிழங்கு நேர்மையாக அளக்கப்படும் என்ற உறுதியும் அதனோடு சேர்ந்திருந்தது.

நம் ஊரில் கிழங்குச் சர்க்கரை ஆலை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்குக் கரும்பு இருக்கிறது. அளவையும் கடமையும் சேர்ந்தே வரவேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தறி சொல்லும் சாட்சி

இப்பாடத்துக்குக் கடல் கடந்துதான் போகவேண்டும் என்பதில்லை. நெசவாளர் சங்க அங்கத்தினரைக் கேட்டால் போதும். அச்சு நெருக்கமாக, ஊடை குறையாமல் அடித்து நெய்த சேலைக்கும், இழை தளர்ந்த சேலைக்கும் ஒரே கூலி கொடுக்கும் சங்கத்தில் என்ன நிகழும்? திறமையுள்ளவர் தனியார் முதலாளியிடம் போவார். அல்லது அவரும் தளர நெய்யத் தொடங்குவார். அதனால்தான் நல்ல நெசவாளர் சங்கங்களில் இழை எண்ணிப் பார்த்து, அளந்து, குறையிருந்தால் நெய்தவர் எதிரிலேயே காட்டிக் கூலி கணக்கிடுகிறார்கள்.

நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கமும், கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் ஒரே ஆண்டில், 1935-இல் தோன்றியவை. மலைக் காய்கறிக்கும் கைத்தறித் துணிக்கும் தரகர் பிடியிலிருந்து விடுதலை தேட வேண்டியிருந்த காலம் அது. இரு துறையினரும் ஒருவர் அனுபவத்தை ஒருவர் கற்றுக்கொள்வது இன்றும் பொருந்தும்.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன மூன்று. அவற்றை அலட்சியம் செய்யலாகாது.

முதலாவது: “தரம் பிரிப்பவர் யார்? தலைவரின் உறவினர் கிழங்கெல்லாம் முதல் தரமாகிவிடுமே!” இது நியாயமான அச்சம். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஒரு பலகையில் இரண்டு வட்டத் துளைகள் போதும். சிறு துளையில் நுழைந்துவிடும் கிழங்கு ஒரு தரம். அதில் நுழையாமல் பெருந்துளையில் நுழைவது மற்றொரு தரம். இரண்டிலும் நுழையாதது முற்றல். பலகைக்கு உறவு முறை தெரியாது. துளையின் அளவைப் பொதுப் பேரவை முடிவு செய்யட்டும். மூட்டைக்கு ஒரு கிழங்கை எல்லார் எதிரிலும் அறுத்து, உள்ளே கறுப்போ வெள்ளை வளையமோ உண்டா என்று பார்க்கட்டும். விளைவித்தவர் அருகிலிருக்கும்போதே நிறுத்து, தரவாரி எடையெழுதிய சிட்டையை அங்கேயே அவர் கையில் கொடுக்கட்டும்.

இரண்டாவது: “மண்டி விதைக்கு முன்பணம் தருகிறது, அன்றே ரொக்கம் தருகிறது. சங்கத்தில் பணம் வர இரு வாரம் ஆகிறது.” இதுவும் உண்மை. வீட்டில் கல்யாணமோ மருத்துவச் செலவோ உள்ளவரிடம் இரு வாரம் பொறுங்கள் என்று உபதேசிப்பது எளிது, பொறுப்பதுதான் அரிது. ஆகவே சரக்கு இறக்கிய அன்றே மதிப்பில் ஒரு பகுதியை, குறைந்தது பாதியை, கொடுக்கச் சங்கம் வழிசெய்ய வேண்டும். விதைக் கடனையும் சங்கமே தரவேண்டும். இவ்விரண்டுக்கும் வழி காணாமல் அங்கத்தினர் கடமையைப் பற்றிப் பேசும் நிர்வாகக் குழு, பாதிப் பாலம் கட்டிவிட்டு மக்களை நடந்து வரச் சொல்கிறது.

மூன்றாவது: “இரண்டாம் தரத்தை யார் வாங்குவார்?” இங்கேதான் நான் முன்பு சொன்ன அடுக்களைத் தரத்துக்குத் திரும்புகிறேன். சிறு கிழங்கு மண்டியில் இரண்டாம் தரம். பானையிலோ அதுவே முதல் தரம். ஒரே மாவட்டத்தில் நெசவாளர் குடியிருப்புகளும் உள்ளன; காய்கறிச் சங்கங்களும் உள்ளன. நெசவாளர் சங்கம் வாரம் ஒருமுறை தன் அங்கத்தினர் குடும்பங்களுக்கு வேண்டிய கிழங்கைச் சொல்லி வைக்கட்டும். விளைவிப்போர் சங்கம் நியாய விலைக்கு அனுப்பட்டும். இடையில் இரண்டு கமிஷன் குறையும். இரு சாராருக்கும் அது மிச்சம். முற்றத்தில் வெயில் படும் இடம் உள்ள நெசவாளர் வீடுகளில் ஒரு தொட்டியில் பத்துச் செடி வைத்தால், குளிர்காலத்தில் கீரைக்குக் குறைவிராது.

அங்கத்தினர் செய்ய வேண்டியது

சங்கத்தின் கடமையைச் சொன்னேன். இனி அங்கத்தினர் கடமையையும் சொல்லாவிட்டால் நான் முகஸ்துதி செய்தவனாவேன். சங்கம் தராசைத் திருத்தி, தரவாரி விலை கொடுக்கத் தொடங்கிய பின்பும், மண்டி ஒரு ரூபாய் கூட்டிச் சொன்ன நாளில் அங்கே ஓடிவிட்டு, சந்தை சரிந்த நாளில் மட்டும் சங்கத்துக்கு வருபவர் தம் கையால் தம் வீட்டுச் சுவரை இடிக்கிறார். சங்கத்தை உடைக்க விரும்பும் வியாபாரி ஒரு பருவம் நஷ்டப்பட்டும் விலை கூட்டிக் கொடுப்பார். அடுத்த பருவத்தில் சங்கம் இராது. அவர் சொன்னதே விலையாகும். ஆதலால் பருவத் தொடக்கத்திலேயே, “இத்தனை நிலத்து விளைச்சலைச் சங்கத்துக்குத் தருவேன்” என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் வரவேண்டும். எழுதியவர் தவறினால் என்ன செய்வது என்பதையும் துணைவிதிகளில் தெளிவாக எழுத வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் தராசு, பிறகு ஒப்பந்தம். அளக்காத சங்கத்துக்குக் கட்டுப்படு என்று எவரையும் கேட்க நமக்கு உரிமையில்லை.

அந்த மூத்த அங்கத்தினர் இப்போது தம் முழு விளைச்சலையும் சங்கத்துக்கே கொண்டுவருகிறார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது உண்மையாகாது. அச்சங்கம் இன்னும் தரவாரி விலைக்கு வரவில்லை. அவரும் நல்ல கிழங்கை மண்டிக்கே அனுப்புகிறார். அவரைக் குறைகூற எனக்கு இன்று வாயில்லை. என் வழக்கத்தில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு. எந்த ஊர்ச் சங்கத்துக்குச் சென்றாலும், பதிவேட்டைக் கேட்பதற்கு முன் எடைமேடையைக் காட்டச் சொல்கிறேன்.

அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுப் பேரவையில், வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் எழுந்து நின்று, “நம் சரக்கைத் தரம் பிரித்து, எங்கள் எதிரில் நிறுத்து, தரத்துக்கேற்ற விலை கொடுக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன்” என்று சொல்லுங்கள். வழிமொழியப் பக்கத்தில் ஒருவர் எழுவார். அத்தீர்மானம் நிறைவேறி நடைமுறைக்கு வரும் நாளில், நல்ல கிழங்கு தானே சங்கத்துக்கு வழி தேடி வரும்.